அரக்கு ரெக்கோட்: முதலில் குரல், பிறகுதான் இரைச்சல்

காரைதீவிலிருந்து ஓர் ஆசிரியத் தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மப்பா விட்டுப்போன 78 வேக (நிமிடத்துக்கு 78 முறை சுற்றும்) அரக்கு ரெக்கோட்கள் 27 வீட்டில் இருக்கின்றன. பெரும்பாலானவை ஓடியன், எச்.எம்.வி., கொலம்பியா கம்பனிகளின் தட்டுகள். கர்நாடக சங்கீதம், நாதஸ்வரம், நாடகப் பாட்டு, பிற்காலத்துச் சினிமாப் பாட்டு என்று எல்லாம் கலந்திருக்கிறது. கொழும்பிலிருந்து ஒரு யூ.எஸ்.பி. டேர்ன்டேபிள் எடுப்பித்து, அதோடு வந்த ஊசியிலேயே போட்டுக் கணினியில் பதிந்திருக்கிறார். குரல் போர்வைக்குள் இருந்து வருவதுபோல் மந்தமாக இருக்கிறதாம். மிருதங்கம் மட்டும் வீங்கித் ‘தொம் தொம்’ என்கிறதாம். ட்ரெபிளைக் கூட்டினால் சீற்றம் கிளம்புகிறது. இரைச்சல் நீக்கும் வசதியைப் போட்டால், பாடுகிறவர் வாவிக்குள் மூழ்கிக்கொண்டு பாடுவதுபோல் ஆகிவிடுகிறது. ஒரு தட்டில் விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு வெடிப்பும் உண்டு. ‘எதை எந்த ஒழுங்கில் செய்வது, எவ்வளவு செய்வது?’ என்று கேட்கிறார்.

தங்கச்சி, நீங்கள் சொன்ன குறைகளை வாசித்தவுடனேயே தட்டுகளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. மந்தமான குரலையும் வீங்கிய மிருதங்கத்தையும் உண்டாக்கியது உங்கள் மெஷின். மூழ்கின சத்தத்தை உண்டாக்கியது கணினி. தட்டில் உண்மையாகவே இருப்பது சீற்றமும் பொரிவும்தான். அதிலும் ஒரு பங்கு நீங்கள் பாவித்த ஊசியால் கூடியது. ஆகவே இரைச்சலோடு மல்லுக்கட்ட முன்னம் குரலை அதன் இடத்தில் நிறுத்துங்கள். குரல் சரியாக வந்துவிட்டால், மிச்ச இரைச்சலில் பெரும்பகுதியைக் காது தானாகவே ஒதுக்கிவிடும். மாரி காலத்தில் கூரையில் மழை கொட்டக் கொட்ட நாம் கதைத்துக்கொண்டு இருக்கவில்லையா? அதுபோலத்தான்.

ஊசியிலிருந்து தொடங்குவோம். அதைத் திருத்தாமல் மற்றது எதைச் செய்தும் பலனில்லை.

உங்கள் மெஷினோடு வந்தது எல்.பி. தட்டுக்கான, அதாவது பிற்காலத்து வினைல் தட்டுக்கான ஊசி. அதன் முனையின் ஆரை ஏறத்தாழ 18 மைக்ரோன். 78 தட்டின் பள்ளம் எல்.பி. பள்ளத்தைப்போல் மூன்று மடங்கு அகலம். அதற்கு வேண்டியது அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு, அதாவது 76 மைக்ரோன் அளவு ஆரை உள்ள ஊசி. கடையில் 3 மில் ஊசி என்று கேட்க வேண்டும். சின்ன ஊசியை அந்தப் பள்ளத்தில் விட்டால் என்ன நடக்கும்? வயல் பாதையில் ட்ரக்டர் போன தடத்துக்குள் சைக்கிள் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தடத்தின் சுவர் எங்கோ இருக்கும், சக்கரம் அடியில் கிடக்கும் கல்லிலும் கட்டியிலும் அடிபட்டு ஆடிக்கொண்டு போகும். பாட்டு எழுதியிருப்பது சுவரில். அடியில் கிடப்பது எண்பது வருடத் தூசியும் பழைய இரும்பூசிகள் அரைத்த பொடியும். நீங்கள் இப்போது பதிந்து வைத்திருப்பது அந்தப் பொடியைத்தான்.

உங்கள் காட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சமிக்ஞையாக்கும் சின்னப் பெட்டி) 78 ஊசி கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். பல காட்ரிட்ஜ்களில் ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம். புதிதாக வாங்குவதென்றால் ஓடியோ டெக்னிக்காவின் விஎம்95எஸ்பி நல்லது. அது இந்தத் தட்டுகளுக்கென்றே செய்த 3 மில் ஊசியோடு வருகிறது. 5 கிராம் அழுத்தத்தில் ஓடும். எல்.பி.க்கு 2 கிராம் வைத்துப் பழகியவர்களுக்கு இது கூடுதலாகத் தெரியும், ஆனால் பயப்பட வேண்டாம். பழைய கைச்சாவிக் கிராமபோன் இதே தட்டை 100 கிராமுக்கு மேல் அழுத்தியது.

அந்தத் தட்டு எதனால் ஆனது என்பதையும் ஒருதரம் யோசித்துப் பாருங்கள், சீற்றத்தைப் பற்றிய பாதிக் கவலை போய்விடும். அதைப் பிடித்து வைத்திருப்பது அரக்கு. தபால் பொதிக்கு முத்திரை வைக்கிறோமே, அதே பூச்சியின் பிசின். ஆனால் தட்டின் எடையில் பெரும்பங்கு அரைத்த கல்மா. நிறத்துக்குக் கரித்தூள் சேர்த்திருப்பார்கள். அந்தக் கல்மா வேண்டுமென்றே போட்டது. புது இரும்பூசியை முதல் சில சுற்றிலேயே தேய்த்து, பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புது ஊசி போட்டது அதனால்தான். நீங்கள் கேட்கிற ‘ஸ்ஸ்’ என்ற சீற்றம் பெரும்பாலும் அந்தக் கல்மாவின் சத்தம். உங்கள் அம்மப்பா கடையிலிருந்து தட்டை வாங்கிவந்து முதல் முறை போட்ட அன்றும் அது இருந்தது. அவர் அதோடு சேர்த்துத்தான் பாட்டை ரசித்தார்.

கழுவுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கதவுக்குப் பொலிஷ் அடிக்கிற தச்சரைக் கேளுங்கள், அவர் ஷெலாக்கை, அதாவது இதே அரக்கை, எதில் கரைக்கிறார் என்று சொல்வார்: ஸ்பிரிட்டில். எல்.பி. தட்டுக்கென்று விற்கிற துப்புரவுத் திரவங்கள் பலவற்றில் அற்ககோல் இருக்கிறது. அதை உங்கள் தட்டில் ஊற்றினால் மேற்பரப்பு கரைந்து மங்கிவிடும், பிறகு ஒன்றும் செய்ய ஏலாது. காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டுக் கோப்பை கழுவும் திரவம் காணும். மெல்லிய தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே சுற்றித் துடையுங்கள். நடுவில் உள்ள லேபலில் ஈரம் படக்கூடாது. ஊறவும் விடக்கூடாது. நம் பக்கத்து ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடித்திருக்கும், அதுவும் இதிலேயே போய்விடும். நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம், தட்டு வளைந்துவிடும்.

அடுத்தது வேகம். 78 என்ற பொத்தானை நம்பிவிடாதீர்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வேகம் பார்க்கும் கோட்டு வட்டத்தை அச்சடித்து எடுக்கிறதென்றால் 77 கோடு உள்ளதை எடுங்கள். அதைத் தட்டின் மேல் வைத்துச் சுற்றவிட்டு, விளக்கின் மினுக்கத்தில் பார்க்கும்போது கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் 77.92. இணையத்தில் அதிகம் கிடைப்பது 92 கோடு உள்ளது. அது 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவுக்கு. அதை நம் வீட்டு விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தால், கோடுகள் அசையாமல் நிற்பது 65 சுற்றில். ஒரு நண்பர் அப்படித்தான் இரண்டு மாதம் எல்லாத் தட்டையும் இழுத்து இழுத்துப் பதிந்து, கடைசியில் முழுவதையும் திரும்பச் செய்தார். எல்.ஈ.டி. பல்பு பலவற்றில் அந்த மினுக்கமே இராது. சோக் வைத்த பழைய டியூப் லைட்டின் கீழ் பாருங்கள்.

மின்முறைப் பதிவு (மைக் வைத்துப் பதிவது) வருவதற்கு முந்தைய தட்டுகளில் வேகம் இன்னும் தாறுமாறு. 74இல் பதிந்ததும் உண்டு, 80இல் பதிந்ததும் உண்டு. 74இல் பதிந்ததை 78இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிவிடும். வீட்டில் சுருதிப்பெட்டி இருந்தால் வைத்துப் பாருங்கள். பின்னணியில் ஆர்மோனியம் வாசிக்கிற தட்டென்றால் வேலை சுலபம், ஏனென்றால் ஆர்மோனியத்தின் கட்டை இரண்டுக்கும் நடுவில் நிற்காது. அப்படி ஒன்றும் இல்லாவிட்டால் கமகத்தைக் கவனியுங்கள். வேகம் கூடியிருந்தால் அசைவுகள் படபடக்கும், குரலிலும் ஒரு சின்னப்பிள்ளைத்தனம் வந்துவிடும்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தட்டு வெட்டும்போது அடித்தொனியை உள்ளபடி வெட்ட முடியாது. ஒரே உரப்பில், அதிர்வெண் குறையக் குறைய ஊசி பக்கவாட்டில் ஆடும் அகலம் கூடிக்கொண்டே போகும். (நாங்கள் பள்ளிக்கூடத்தில் மீடிறன் என்று படித்ததுதான் இந்த அதிர்வெண்.) அப்படியே விட்டால் ஊசி பக்கத்துப் பள்ளத்தையும் வெட்டிவிடும். ஆகவே ஒரு எல்லைக்குக் கீழே போகப் போக அடித்தொனியைக் குறைத்து வெட்டினார்கள். கேட்கும்போது அதே அளவு கூட்டிவிட வேண்டும். அந்த எல்லை எது என்பதில்தான் எல்லாச் சிக்கலும். 1931இல் எச்.எம்.வி.யின் தாய்க் கம்பனியும் கொலம்பியாவும் ஒன்றுசேர்ந்து ஈ.எம்.ஐ. ஆயின. கொலம்பியாவின் கைக்குள் இருந்த ஓடியனும் அந்தக் குடைக்குள் வந்தது. அந்த வீட்டு வழக்கம் 250 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே குறைப்பு, மேலே ஒன்றும் இல்லை, ட்ரெபிள் உள்ளபடி. உங்கள் பெட்டியில் முப்பதுகளையும் நாற்பதுகளையும் சேர்ந்த தட்டுகளுக்கு இதிலிருந்தே தொடங்கலாம்.

1954இல் அமெரிக்காவில் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது வளைவு வந்தது. வளைவு என்றால் எந்த அதிர்வெண்ணை எவ்வளவு ஏற்றுவது, எவ்வளவு இறக்குவது என்ற கணக்கு. பிறகு உலகம் முழுவதும் எல்.பி. தட்டுக்கு அதுதான். அதில் எல்லை 500 ஹெர்ட்ஸ். அதோடு வெட்டும்போதே ட்ரெபிளைத் தூக்கி வெட்டுவார்கள். கேட்கும்போது 10,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 13.7 டெசிபல் இறக்குவார்கள். அப்படி இறக்கும்போது தட்டின் சீற்றமும் சேர்ந்து இறங்கிவிடும். எல்.பி.க்கு இது நல்ல ஏற்பாடு. உங்கள் டேர்ன்டேபிளுக்குள் இருந்து ஊசியின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கித் தரும் பிரீஆம்புக்குத் தெரிந்தது இந்த ஒரு வளைவுதான். 78 பொத்தானை அழுத்தினால் மோட்டர் வேகம் மாறும், வளைவு மாறாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். உங்கள் தட்டுக்கு 100 ஹெர்ட்ஸில் வேண்டியது எட்டரை டெசிபல் ஏற்றம். மெஷின் கொடுப்பது 13. மிருதங்கத்தின் தொப்பி வீங்கியது இதனால். 5,000 ஹெர்ட்ஸில் உங்கள் தட்டுக்கு ஒன்றும் இறக்க வேண்டியதில்லை. மெஷின் 8 டெசிபல் இறக்குகிறது. ச, ஷ, ஸ என்ற ஒலிகளின் கூர்மையும், நாதஸ்வரச் சீவாளியின் கறகறப்பும், வயலினில் வில் உராய்கிற சத்தமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. போர்வை எங்கிருந்து வந்தது என்று விளங்கும். டி.என். இராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத்தைக்கூட இந்தத் தவறான வளைவில் கேட்டால் கிளாரினெட்போல்தான் இருக்கும்.

திருத்துவது கஷ்டமில்லை. காசும் செலவில்லை. ஓடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் வளைவு வரைகிற ஈக்யூ (ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி) ஒன்று இருக்கிறது. அதில் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற தயார் வளைவை எடுத்து, தலைகீழாக்கும் பொத்தானை அழுத்தி, பதிவின் மேல் போடுங்கள். மெஷின் செய்தது அழிந்துபோகும். அந்த நிலையில் கேட்டால் பாட்டு மெலிந்து, சீறிக்கொண்டு, தகரம்போல் இருக்கும். பயப்பட வேண்டாம், தட்டில் வெட்டியிருப்பது அப்படித்தான். அதன் பிறகு நீங்களே ஒரு வளைவு வரையுங்கள்: 1,000 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் 0. 500இல் 1 டெசிபல் ஏற்றம். 250இல் 3. 125இல் 7. 62இல் 12. அதற்குக் கீழே ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். அங்கே இருப்பது மோட்டரின் உறுமலும் 50 ஹெர்ட்ஸ் மின் முனகலும்தான். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுதாக வெட்டிவிடலாம். இந்த வளைவை ‘ஈஎம்ஐ 250’ என்று பெயரிட்டுச் சேமித்து வையுங்கள், 27 தட்டில் பெரும்பாலானவற்றுக்கு உதவும்.

இதை முதல் முறை போட்டுக் கேட்கும் கணத்தை நான் இன்னும் விரும்புகிறேன். கல்லடியில் ஒரு வீட்டில், எண்பது வயது தாண்டிய ஓர் அம்மாவுக்கு இப்படித் திருத்திய ஒரு தட்டைப் போட்டுக் காட்டினேன். சீற்றத்தில் ஒரு துளியும் எடுக்கவில்லை. ‘இப்பதான் சொல்லு விளங்குது மகன்’ என்றார். அத்தனை வருடமும் அந்தப் பாட்டில் ஒரு சொல்லைப் பிழையாகவே பாடிக்கொண்டிருந்தாராம்.

ஐம்பதுகளின் பிற்பகுதிச் சினிமாப் பாட்டுத் தட்டுகளை மட்டும் பிரித்து வையுங்கள். 1955இல் பிரித்தானியாவில் 78 தட்டுக்கும் ஒரு தரம் வகுத்தார்கள். எல்லை ஏறத்தாழ 350 ஹெர்ட்ஸ், ட்ரெபிளும் தூக்கி வெட்டியது, கேட்கும்போது 10,000 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் அளவு இறக்க வேண்டும். அந்தக் காலத்துத் தட்டை ‘ஈஎம்ஐ 250’ இல் போட்டுப் பாருங்கள். ‘ஸ’ வரும் இடமெல்லாம் காதைக் குத்தி, வயலின் கூட்டம் கண்ணாடித் தூள்போல் கேட்டால், அது இந்தப் பிந்திய வகை. 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே மெல்ல மெல்ல இறக்குங்கள், குரல் தானாக உடம்பு பிடிக்கும். அப்படிக் குத்தாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். லேபலைவிட இந்த விஷயத்தில் காது நம்பத்தகுந்தது.

அதேபோல் 1925க்கு முந்தைய, கூம்புக்குள் பாடிப் பதிந்த தட்டு ஏதும் இருந்தால் அதற்கு வளைவு என்ற பேச்சே இல்லை. மின்சாரம் இல்லாமல் குரலின் பலத்திலேயே வெட்டியது அது. 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதில் பாட்டு என்று சொல்ல அநேகமாக ஒன்றும் இராது. மற்றத் தட்டுகளில் நான் கைவைக்க விடாத மேல் பகுதியை இதில் தாராளமாக இறக்கலாம்.

சரி, இரைச்சல். இதிலும் கணினியின் இரைச்சல் நீக்கியைத் தொடுவதற்கு முன்னம் இலவசமாகக் கிடைக்கிற ஒரு பெரிய லாபம் இருக்கிறது. உங்கள் காட்ரிட்ஜ் ஸ்டீரியோ, தட்டு மொனோ. பாட்டு ஊசியைப் பக்கவாட்டில் மட்டும் ஆட்டுகிறது, ஆகவே இரண்டு சேனலிலும் ஒரே பாட்டு. தூசியும் கல்மாவும் ஊசியை மேலும் கீழுமாகவும் துள்ள வைக்கின்றன. அந்தத் துள்ளல் இரண்டு சேனலிலும் எதிர் எதிராக விழும். இரண்டையும் கூட்டினால் பாட்டு கூடும், துள்ளல் ஒன்றை ஒன்று அழிக்கும். நம்பிக்கை வராவிட்டால் எதிர்ச்சோதனை செய்து பாருங்கள். ஒரு சேனலைத் தலைகீழாக்கிவிட்டுக் கூட்டுங்கள். பாடகர் மறைந்துபோவார். அவருக்குப் பின்னால் இருந்த பொரிவும் உறுமலும் மட்டும் தனியாக நிற்கும். நான் முதல் முறை அதைக் கேட்டபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு இரைச்சலையும் எந்த மென்பொருளும் இல்லாமல் தூக்கி எறியலாம். இதே சோதனையில் ஒரு சேனலின் அளவைக் கூட்டிக் குறைத்து, பாட்டு எங்கே அடியோடு மறைகிறதோ அந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் இரண்டும் சரிசமமான நிலை. சில தட்டில் பள்ளத்தின் ஒரு சுவர் மட்டும் அதிகம் தேய்ந்திருக்கும். அப்போது கூட்டாமல் நல்ல பக்கத்தை மட்டும் எடுப்பது நல்லது.

ஆனால் மொனோவாக்குவதற்கும் முன்னம் ‘டக்’, ‘டிக்’ என்ற சத்தங்களைக் கவனியுங்கள். ஆர்.ஐ.ஏ.ஏ.யை அழித்த, இன்னும் உங்கள் வளைவைப் போடாத அந்தத் தகரச் சத்த நிலையில்தான் அவை ஊசிபோல் மெல்லிசாக, சுலபமாகப் பிடிபடும். வளைவு போட்ட பிறகு அவை பரவி, மழுங்கி, பாட்டோடு ஒட்டிக்கொள்ளும். தானாக எடுக்கும் கருவியை மிகவும் குறைந்த அளவில் ஓட்டுங்கள். நாதஸ்வரத் தட்டில் அதையும் நம்ப வேண்டாம். தவில்காரர் வலது கை விரல்களில் கூடு போட்டுத்தான் வாசிக்கிறார். அந்தக் கூடு தோலில் விழும் ஓசைக்கும் தட்டின் ‘டிக்’குக்கும் கணினிக்கு வித்தியாசம் தெரியாது. கஞ்சிராவும் மோர்சிங்கும் அப்படியே. தவில் தனி வரும் இடத்தில் கருவியை ஓட்டினால் சொற்கட்டு முனை மழுங்கி, துணி போர்த்திய தவில்போல் ஆகும். அந்த இடங்களில் பெரிய ‘டக்’குகளை மட்டும் கையால் ஒவ்வொன்றாக எடுங்கள். ஓடாசிட்டியில் ‘ரிப்பேர்’ என்ற வசதி 128 சாம்பிள்கள் (கணினி ஒலியைப் பதியும் மிகச் சின்னத் துண்டுகள்) வரைக்கும் உள்ள இடத்தை இரு பக்கமும் பார்த்து நிரப்பித் தரும். ஒரு ‘டக்’குக்கு அது அநேகமாகப் போதும்.

கடைசியாகச் சீற்றம். நீங்கள் பாவித்த இரைச்சல் நீக்கி எப்படி வேலை செய்கிறது என்றால், பாட்டு இல்லாத ஒரு துண்டை மாதிரியாகக் காட்டுகிறோம். அந்த மாதிரியில் உள்ள ஒவ்வொரு அதிர்வெண் பட்டையின் அளவையும் அது எடுத்துக்கொண்டு, பாட்டில் அந்த அளவுக்குக் கீழே கிடப்பதையெல்லாம் இறக்கிவிடுகிறது. சுருதி மீட்டத் தொடங்கிய பிறகு மாதிரி எடுத்தீர்களோ, தம்புராவே போய்விடும். அது இரைச்சலைப்போலவே நிற்காமல் ஓடுகிற ஒன்று. ஊசி இறங்கி, பாட்டு தொடங்க முன்னம் ஒன்றிரண்டு விநாடி வெறும் பள்ளம் இருக்கும். அதை மட்டும் எடுங்கள்.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பத்து அங்குலத் தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் ஊசிக்குக் கீழே விநாடிக்கு ஒரு மீற்றர் அளவு ஓடும். பாட்டு முடிகிற உள்வட்டத்தில் அது அரை மீற்றருக்கும் குறைந்துவிடும். அதே கல்மாதான், ஆனால் அதன் சீற்றத்தின் சுருதி இறங்கிவிடுகிறது. தொடக்கத்தில் எடுத்த மாதிரியை முழுப் பாட்டுக்கும் போட்டால், கடைசி நிமிடத்தில் தவறான இடத்தில் கை வைக்கும். முடிவில் உள்ள வெறும் பள்ளத்திலும் ஒரு மாதிரி எடுத்து, பாட்டின் இரண்டாம் பாதிக்கு அதைப் பாவியுங்கள்.

எவ்வளவு எடுப்பது? நான் 4 டெசிபலில் தொடங்குவேன். 6ஐத் தாண்டுவது அரிது. நீங்கள் 20 வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், வாவிக்குள் மூழ்கினது அதனால். அளவு சரியா என்று பார்க்க அந்தக் கருவியிலேயே ஒரு வழி இருக்கிறது. நீக்கியதை மட்டும் தனியாகக் கேட்கும் தெரிவு. அதை அழுத்திக் காதை வைத்துக் கேளுங்கள். வெறும் ‘ஸ்ஸ்’ மட்டும் கேட்டால் சரி. அதற்குள்ளே ஒரு பல்லவியின் நிழல், ஒரு ‘ச’காரம், வயலினின் ஒரு இழுப்பு கேட்டால், நீங்கள் எறியப் போவது பாட்டை. உடனே குறையுங்கள்.

இதில் நான் இவ்வளவு இறுக்கமாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பாண்டிருப்பில் கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு குடும்பம், 2003இல் தங்கள் வீட்டு ரெக்கோட்களை வெளியூர்க் கடை ஒன்றில் கொடுத்து சீ.டி.யாக்கிக்கொண்டது. அடுத்த வருடம் டிசெம்பர் 26இல் கடல் வந்தது. வீடு போனது, ரெக்கோட் பெட்டியும் போனது. சீ.டி. கொழும்பில் இருந்த மகளிடம் இருந்ததால் தப்பியது. பல வருடம் கழித்து அதை என்னிடம் கொண்டுவந்து, கொஞ்சம் தெளிவாக்கித் தரச் சொன்னார்கள். போட்டேன். சீற்றம் ஒரு துளி இல்லை. குரலும் இல்லை. குரல் இருந்த இடத்தில் குமிழ் குமிழாக ஏதோ ஒன்று எழுந்து அமிழ்ந்தது. சொற்களின் தலையும் வாலும் அறுந்திருந்தன. கூடுதலாக நீக்கியவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, வடிவாகக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். ஆனால் நீக்கியதைத் திரும்ப ஒட்ட எந்தக் கருவியும் இல்லை. சீற்றத்தோடு விட்டிருந்தால் இன்றைக்கு நான் ஏதாவது செய்திருப்பேன். அந்த அம்மாவுக்கு அதைச் சொல்லி அனுப்பியது எனக்கு இன்றும் பாரமாகத்தான் இருக்கிறது.

ஆகவே தங்கச்சி, டேர்ன்டேபிளிலிருந்து வந்ததை ஸ்டீரியோவாக, 24 பிட்டில், 96 கிலோஹெர்ட்ஸில், ஒன்றும் தொடாமல் ஒரு பிரதி வைத்துவிடுங்கள். உங்கள் மெஷினின் யூ.எஸ்.பி. அதற்குக் குறைவாகத்தான் தரும் என்றால் அது தருகிற உச்ச அளவில் வையுங்கள். பதியும்போது சத்த அளவின் உச்சி 0க்கு 10 டெசிபலாவது கீழே நிற்கட்டும். ஒரு பெரிய ‘டக்’ மேலே முட்டி நசுங்கினால் பிறகு அதைத் துப்புரவாக எடுக்க முடியாது. எம்பி3 ஆக்குவது வட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு மட்டும். மூலத்தை இரண்டு டிஸ்க்கில், இரண்டு ஊரில் வையுங்கள். நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் இறந்துபோனார். அவர் குரல் நமக்கு எஞ்சியிருப்பது இந்தவகைத் தட்டுகளில் மட்டும்தான். உங்கள் பெட்டியில் இருப்பது எது, அதன் வேறு பிரதி எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? லேபலைப் படம் எடுங்கள். நடுவட்டத்தில் பளபளப்பான இடத்தில் கீறியிருக்கும் எண்ணையும் எழுதி, அதே எண்ணைக் கோப்பின் பெயராகப் போடுங்கள்.

மின் முனகல் கேட்டால் டேர்ன்டேபிளின் பூமிக் கம்பியைப் பாருங்கள், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதியுங்கள். அநேகமாக அதிலேயே தீரும்.

அந்த வெடித்த தட்டைக் கடைசியில் வையுங்கள், மற்ற 26இலும் கை பழகட்டும். வெடிப்பை ஒட்ட வேண்டாம். பசை பள்ளத்துக்குள் போய்விடும். தட்டைச் சமமான இடத்தில் வைத்து, வெடிப்பின் இரு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். படி தட்டாவிட்டால் 5 கிராமில் ஊசி தாண்டிப் போகும். ஒரே ஓட்டத்தில் பதிந்துவிட்டு, தட்டை இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் வைத்து, செங்குத்தாக நிறுத்தி, பத்திரப்படுத்திவிடுங்கள். வெடிப்பு ஒரு அங்குல நீளம் என்றால் ஏறத்தாழ நூறு பள்ளத்தை அறுத்திருக்கும். நூறு ‘டக்’, ஒவ்வொன்றும் முக்கால் விநாடிக்கு ஒருதரம், கடிகாரம்போல் ஒழுங்காக வரும். அடுத்தது எங்கே என்று தேட வேண்டியதில்லை. கையாலேயே ஒவ்வொன்றாக எடுங்கள். ஒரு போயா விடுமுறைப் பின்னேரம் காணும்.